எந்தப் புத்தகம் என்பதைப் பிள்ளையே சொல்லட்டும்

(சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டமொன்றில், வாசகசாலைக்கு நூல் வாங்குவது பற்றி நடந்த பெற்றோர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, சங்கத் தோழர்களே, தாய்மார்களே, கூட்டம் எப்போது முடியும் என்று பின்வரிசையில் காத்திருக்கும் தம்பி தங்கைகளே!

இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுவைக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள். நீட்டி முழக்கி உங்களை வாட்ட மாட்டேன். பேசவேண்டிய செய்தி ஒன்றுதான். நாம் வீடு வீடாகத் திரட்டிய அறுநூறு வெள்ளியில் என்ன புத்தகம் வாங்குவது? "பயிற்சி நூல்களையே வாங்குவோம், கதைப் புத்தகம் வீண் செலவு" என்று போன கூட்டத்தில் சில பெற்றோர் சொன்னார்கள். அவர்கள் கவலை நியாயமானது. ஆனால் அந்த முடிவு சரியல்ல என்பது என் தாழ்மையான கருத்து.

தோழர்களே, நம் பிள்ளைகள் எதைப் படிக்கவேண்டும் என்பதை எப்போதும் வேறு யாரோதான் முடிவு செய்து வந்திருக்கிறார்கள். கூட்டு மலாய் மாநிலங்களில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளி வைக்கவேண்டும் என்றது. கெடா அந்தக் கூட்டில் சேராத மாநிலம். ஆனாலும் இங்கிருந்த தோட்டப் பள்ளிகளும் அதே சாயலில்தான் நடந்தன. ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், ஒரு பாடப் புத்தகம். அந்தப் புத்தகமும் பெரும்பாலும் சென்னையிலிருந்து கப்பலில் வந்தது. எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும், பிறகு உளியைப் பிடிக்கட்டும் என்பதே அன்றைய முதலாளிமாரின் கணக்கு. தொழிலாளி பிள்ளைக்கு விருப்பம் என்று ஒன்று உண்டு என்பதையே அந்தக் கணக்கு ஏற்கவில்லை. அதே கணக்கை இன்று நாமே நம் பிள்ளைகளுக்குப் போடலாமா?

இனி என் சொந்தக் கதை. வெட்கத்தோடுதான் சொல்கிறேன். என் மூத்த மகன் பத்து வயதில் புத்தகப் பைத்தியம். மந்திரவாதிக் கதை, துப்பறியும் கதை, படக்கதை எது கிடைத்தாலும் விடமாட்டான். சாப்பிடும்போதும் ஒரு கையில் புத்தகம் இருக்கும். நான் கிராணி அல்லவா? என் மகன் பெரிய உத்தியோகம் பார்க்கவேண்டும் என்ற ஆசை. ஒருநாள் கணக்கில் மதிப்பெண் குறைந்து வந்தான். அவன் சேர்த்து வைத்திருந்த புத்தகங்களையெல்லாம் அள்ளிப் போய் வீட்டுக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினேன். அவன் அழவில்லை, நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். மறுநாள் அறிவுரை நூல் இரண்டும் பயிற்சி நூல் மூன்றும் வாங்கிக் கொடுத்தேன். அவற்றை அவன் பிரித்ததே இல்லை. கணக்கும் ஏறவில்லை, வாசிப்பும் போயிற்று. இன்று அவனுக்கு ஐம்பது வயதாகிறது. லாரி ஓட்டுகிறான், உழைத்துப் பிழைக்கிறான், அதில் குறைவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவன் ஒரு புத்தகம்கூடக் கையில் எடுத்து நான் பார்த்ததில்லை. அந்தக் குற்றம் பள்ளிக்கூடத்தைச் சேர்ந்ததல்ல, நிர்வாகத்தைச் சேர்ந்ததுமல்ல. என்னுடையது.

மரம் வெட்டும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பால் கூடுதலாக வரட்டும் என்று பேராசைப்பட்டு உளியை ஆழ இறக்கினால் என்ன ஆகிறது? கட்டையில் காயம் படுகிறது. அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்கிறது. மறுமுறை அங்கே சீராக வெட்ட முடிவதில்லை. நான் என் மகனிடம் செய்தது அதுதான்.

"பிள்ளைக்கு என்ன தெரியும், நல்லது கெட்டது நாம்தானே சொல்லவேண்டும்?" என்று கேட்பீர்கள். உலகத்தில் பிறர் செய்து பார்த்ததைக் கொஞ்சம் கேளுங்கள்.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில், ஏழைப் பிள்ளைகள் மிகுந்த 17 ஆரம்பப் பள்ளிகளில் ஆலிங்டன் முதலிய கல்வி ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தி, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். 852 பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறைக்கு முன்பு புத்தகங்களைப் பரப்பி வைத்து, "உனக்குப் பிடித்ததில் பன்னிரண்டு எடுத்துக்கொள், உனக்கே சொந்தம்" என்றார்கள். இப்படி மூன்று விடுமுறைகள். பிள்ளைகள் என்ன எடுத்தார்கள்? பாட்டுக்காரர்கள், நடிகர்கள் பற்றிய புத்தகங்களைத்தான் விழுந்து விழுந்து எடுத்தார்கள்! இருந்தும் மூன்றாண்டு முடிவில், புத்தகம் பெறாத பிள்ளைகளைவிட இவர்கள் வாசிப்புத் தேர்வில் முன்னேறியிருந்தார்கள். மலையளவு முன்னேற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்தப் பிள்ளைகள் மிக ஏழைகளோ அவர்களுக்கே பலன் கூடுதலாக இருந்தது. தோழர்களே, அந்தச் செய்தி நமக்குத்தான்.

நம்மவர்களிடமும் இந்த எண்ணம் புதிதல்ல. சீர்காழியில் பிறந்த நூலகப் பேரறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் உண்டு என்பது அவற்றின் சாரம். அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு போனார்கள். தமிழ்நாட்டு அரசு 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்திலும் பிள்ளைகளின் நூல்களை 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளாகப் பிரித்து வெளியிட்டிருக்கிறார்கள். நடக்கத் தொடங்கும் பிள்ளையை யாரும் ஓடச் சொல்லி அடிப்பதில்லையே!

பிரான்சில் டேனியல் பென்னாக் என்ற ஆசிரியர் 1992-இல் வாசகனுக்குப் பத்து உரிமைகள் உண்டு என்று எழுதினார். பக்கங்களைத் தாண்டிப் போகும் உரிமை, பாதியில் மூடி வைக்கும் உரிமை, படித்ததையே திரும்பப் படிக்கும் உரிமை எல்லாம் அதில் அடக்கம். உரிமைக்காகப் போராடிய சங்கத்தார் நாம். பிள்ளைக்கும் உரிமை உண்டு என்றால் நமக்கு ஏன் கசக்கவேண்டும்?

ஆறாம் ஆண்டில் இருந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வையே 2021-இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் பயிற்சி நூல் பழக்கம் மட்டும் நம்மை விடவில்லை. பயிற்சி நூல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது பள்ளிப் பைக்குள் இருக்கட்டும். வாசகசாலை அலமாரியில் வேண்டாம். என் பேத்தி, படித்த நூல்களைப் பள்ளியில் பதிவு செய்ய வேண்டும் என்பதற்காகப் பின்னட்டையைப் பார்த்து நாலு வரி எழுதிக்கொண்டிருந்தாள். "படித்தாயா அம்மா?" என்றேன். "எண்ணிக்கை வந்தால் போதும் தாத்தா" என்றாள். அதே பேத்தி, நம் சுங்கை பட்டாணி எழுத்தாளர் கே. பாலமுருகன் சிறுவர்களுக்கு எழுதிய மர்ம நாவலைப் போர்வைக்குள் கைவிளக்கு வைத்துப் படித்ததையும் பார்த்தேன். அந்த நூலை வாங்கச் சொல்லி அவளேதான் கேட்டாள்.

எல்லாவற்றையும் பிள்ளை கையில் விட்டுவிட்டு நாம் தூங்கவேண்டும் என்று சொல்லவில்லை. ஆபாசமும் இனப்பகையும் அலமாரிக்குள் வராமல் காப்பது பெரியவர்களின் பொறுப்பு. ஆனால் 'பேய்க் கதை', 'பந்தாட்டக்காரர் கதை', 'படக்கதை' என்பதற்காக மட்டும் தடுக்காதீர்கள். பசித்த பிள்ளை முதலில் இனிப்பைத்தான் எடுக்கும். பந்தி தொடர்ந்து நடந்தால் சோற்றுக்கும் வரும்.

ஆகவே என் யோசனை இது. அறுநூறில் இருநூறு வெள்ளிக்குப் பெரியவர்கள் அகராதி, அறிவியல், வரலாற்று நூல்கள் வாங்கட்டும். மீதி நானூறு வெள்ளிக்கு, நம் பிள்ளைகள் நாற்பது பேரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுங்கை பட்டாணிப் புத்தகக் கடைக்கு அழைத்துப் போவோம். ஆளுக்குப் பத்து வெள்ளி. தமிழோ மலாயோ ஆங்கிலமோ, அவரவர் எடுத்ததே அலமாரிக்கு வரும். எடுத்த பிள்ளையின் பெயரை முதல் பக்கத்தில் எழுதுவோம். படித்து முடிக்காமல் திருப்பிக் கொடுத்தால் கோபிக்க வேண்டாம். வேறு ஒன்று எடுத்துப் போகட்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுதப் படிக்கத் தெரியாதே என்று கூசாதீர்கள். இரவில் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இன்றைக்கு என்ன படித்தாய், எனக்கும் சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருங்கள், அது போதும்.

தோட்டங்கள் துண்டாடப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நம் பிள்ளைகளில் பலர் உளி பிடிக்கப்போவதில்லை. சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போவார்கள். இன்னும் தூரமும் போவார்கள். லயத்து வீட்டை நாம் அவர்களுக்கு எழுதி வைக்க முடியாது, அது நம்முடையதல்ல. தானாகத் தேடிப் படிக்கும் பழக்கத்தைக் கொடுத்தனுப்ப முடியும். அதை எந்த நிர்வாகமும் திரும்பப் பெற முடியாது.

என் மகனுடைய புத்தகங்களை நான் திருப்பிக் கொடுக்க முடியாது. உங்கள் பிள்ளைகளின் புத்தகங்களையாவது காப்பாற்றுவோம். இந்த யோசனையைத் தலைவர் அவர்கள் வாக்கெடுப்புக்கு விடவேண்டுமென்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன். வாக்கெடுக்கும்போது, பின்வரிசையில் இருப்பவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.