இரண்டு வாளிகள்

(யூபிலி ஆயத்தக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



சென்ற மாதம் நம் பங்கு இல்லத்துக் குப்பையைப் பிரித்த துப்புரவுப் பணியாளர் அம்மாவின் உள்ளங்கையைக் கண்ணாடித் துண்டொன்று கிழித்துவிட்டது. மீந்த சோற்றோடு அதைக் கலந்து கட்டிப் போட்டவர்கள் நாமே. அந்த வெட்கத்தோடுதான் பேசுகிறோம். வீட்டிலேயே தரம் பிரிக்கும்படி 2016-ஆம் ஆண்டிலேயே அரசு விதி வகுத்தது, நாம்தான் செவிகொடுக்கவில்லை.

தொடங்குவதற்கு இரண்டு வாளிகள் போதும். ஒன்றில் சமையற்கட்டுக் கழிவு, மற்றதில் உலர்ந்தவை. குழம்பு பட்ட செய்தித்தாளைப் பழைய பேப்பர்க்காரர் தொடமாட்டார். உலர்ந்ததையோ எடைபோட்டுக் காசு கொடுத்து வாங்குவார். பால் கவரை அலசிக் காயவையுங்கள். அதன் மூலையை முழுதாக வெட்டி எறியாமல் ஒட்டியபடியே விடுங்கள். அந்தச் சிறு துண்டைப் பொறுக்குவார் யாருமில்லை. காய்த்தோலைக் குழியிலிட்டு மண் தூவி வந்தால் சில மாதங்களில் உரமாகும். வாசனை வருமே என்பீர்கள். மண்ணைத் தாராளமாகத் தூவினால் வராது.

உடைந்த கண்ணாடி, ஊசி, பிளேடு ஆகியவற்றைத் தடித்த காகிதத்தில் சுற்றி, இன்னதென்று சொல்லித் தனியே கையில் கொடுங்கள்.

யூபிலி விருந்துப் பந்தலிலும் இரண்டு தொட்டிகள் இருக்கும். இலைக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று. அருகில் நம் இளைஞர்கள் நிற்பார்கள். அவர்கள் திருத்தினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.