சூடேறிய உலோகமும் சாகாவின் கணக்கும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் சங்கத்தின் வரலாற்றைப் பேசுவதும் கல்வியின் சிறப்பைப் பொதுப்பட எடுத்துரைப்பதும் மரபு. அவற்றை நன்கு உரைக்கவல்ல பெரியோர் பலர் இங்கு அமர்ந்திருக்கின்றனர். எனவே நாம் வகுப்பறையிலிருந்தே ஒரு பொருளை எடுத்து வந்துள்ளோம். சூடேறிய உலோகப் பரப்பைவிட்டு வெளியேறும் அணுக்கள் மின்னேற்றம் பெறுவதும் பெறாமற் போவதும் வெப்பநிலையைப் பொறுத்து எவ்வாறு மாறுகின்றன என்பதே அப்பொருள்.

விழா மேடைக்கு இது பொருந்துமா என்று சிலர் எண்ணலாம். பொருந்தும் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நம் பிள்ளைகளுக்கு இயற்பியல் எட்டாக்கனி என்னும் பேச்சு ஊருக்குள் இன்னும் ஓயவில்லை. அப்பேச்சை மறுக்க வேண்டுமானால் இயற்பியலைப் பேசிக் காட்டுவதே நேரிய வழி. இஃது ஒரு காரணம். இக்கணக்கின் வேரை ஊன்றியவர், மாணவர் விடுதியில் உடனிருந்து உண்ண மறுக்கப்பட்ட ஒரு மளிகைக் கடைக்காரரின் மகன் என்பது மற்றொரு காரணம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். அணுவின் நடுவில் நேர்மின்னேற்றம் உடைய கரு இருக்கிறது. அதைச் சூழ்ந்து எதிர்மின்னேற்றம் உடைய எலக்ட்ரான்கள் உள்ளன. இரண்டும் சமமாக இருக்கும்வரை அணு நடுநிலையில் நிற்கும். ஓர் எலக்ட்ரானை இழந்தால் அது நேர் அயனி ஆகிறது. ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாகப் பெற்றால் எதிர் அயனி ஆகிறது. எலக்ட்ரானை எளிதில் எந்த அணுவும் விட்டுக் கொடுப்பதில்லை. அதைப் பிரித்தெடுக்க ஓரளவு ஆற்றல் செலவாகும். இதற்கு அயனியாக்க ஆற்றல் என்று பெயர். சீசியத்திற்கு இது சுமார் 3.9 எலக்ட்ரான் வோல்ட். சோடியத்திற்குச் சுமார் 5.1. உலோகமும் தன்னுள் இருக்கும் எலக்ட்ரான்களை இவ்வாறே இறுகப் பற்றியிருக்கிறது. ஓர் எலக்ட்ரானை உலோகத்தைவிட்டு வெளியே எடுக்கத் தேவைப்படும் ஆற்றல் அவ்வுலோகத்தின் வெளியேற்று ஆற்றல் எனப்படும். பழைய மின்விளக்குகளில் இழையாக ஒளிர்ந்த டங்ஸ்டனுக்கு இது சுமார் 4.5 எலக்ட்ரான் வோல்ட்.

இனி ஒரு கயிறு இழுக்கும் போட்டியை எண்ணிப் பாருங்கள். ஒரு சீசியம் அணு, சூடேறிய டங்ஸ்டன் இழையின்மீது வந்து படிகிறது. அணுவின் வெளிப்புற எலக்ட்ரானே கயிறு. அணு 3.9 என்னும் வலிமையோடு இழுக்கிறது, உலோகம் 4.5 என்னும் வலிமையோடு இழுக்கிறது. வெற்றி பெரும்பாலும் உலோகத்திற்கே. எலக்ட்ரானை உலோகத்திடம் விட்டுவிட்டு, சீசியம் நேர் அயனியாக வெளியேறுகிறது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய இர்விங் லாங்மியூர், கிங்டன் ஆகிய இருவரும் 1923ஆம் ஆண்டில் இதை அறிவித்தனர். சோடியம் வந்து படிந்தாலோ நிலைமை தலைகீழாகிறது. அணுவின் வலிமை 5.1, உலோகத்தின் வலிமை 4.5. ஆகவே பெரும்பாலான சோடியம் அணுக்கள் தம் எலக்ட்ரானை இழக்காமல் நடுநிலையிலேயே வெளியேறுகின்றன.

"பெரும்பாலும்" என்று சொன்னோம். எவ்வளவு பெரும்பாலும்? வெப்பநிலை உள்ளே நுழையும் இடம் இதுதான். சூட்டை ஏற்றினால் அயனிகள் கூடுமா, குறையுமா? சூடு ஏறினால் எல்லாம் கூடும் என்றே நம்மில் பலர் விடையளிப்போம். கணக்கு அவ்வாறு சொல்லவில்லை.

கணக்கைச் செய்து பார்ப்போம். உலோகத்தின் வலிமையிலிருந்து அணுவின் வலிமையைக் கழிக்க வேண்டும். வந்த மீதியை வெப்ப ஆற்றலால் வகுக்க வேண்டும். வெப்ப ஆற்றல் என்பது போல்ட்ஸ்மன் மாறிலியைக் கெல்வின் வெப்பநிலையால் பெருக்கி வரும் தொகை. கிடைத்த ஈவை, இயல்மடக்கையின் அடிமானமாகிய 2.718 என்னும் எண்ணுக்கு அடுக்காக்க வேண்டும். இறுதியில் விடையைப் பாதியாக்க வேண்டும். நடுநிலையில் உள்ள இத்தகைய அணுவுக்கு இரண்டு நிலைகளும் அதன் அயனிக்கு ஒரே நிலையும் இருப்பதால்தான் இப்பாதி. வந்த விடை, வெளியேறும் அயனிகளுக்கும் நடுநிலை அணுக்களுக்கும் உள்ள விகிதமாகும்.

டங்ஸ்டன் இழையை 1200 கெல்வினில், அதாவது சுமார் 930 பாகை செல்சியசில் வைப்போம். அங்கு வெப்ப ஆற்றல் சுமார் 0.103 எலக்ட்ரான் வோல்ட். சீசியத்திற்குக் கழித்து வந்த மீதி 0.6. இவ்வெண்களை இட்டால் விகிதம் ஏறத்தாழ 165க்கு 1 என வரும். அஃதாவது, வெளியேறும் 1000 சீசியம் அணுக்களில் சுமார் 994 அயனிகளாகச் செல்கின்றன. இழையை 2000 கெல்வினுக்கு ஏற்றுவோம். இப்போது 1000க்குச் சுமார் 942தான். சூடு ஏறியது, அயனிகளின் பங்கு இறங்கியது!

சோடியத்திற்கு மீதி எதிர்மறையான 0.6. அதே 1200 கெல்வினில் 1000 அணுக்களில் ஒன்றோ இரண்டோதான் அயனிகளாகின்றன. 2000 கெல்வினில் சுமார் 15 ஆகின்றன. இங்கே சூடு ஏற, பங்கும் பத்து மடங்கு ஏறியது. ஒரே இழை, ஒரே சூடு. ஓர் அணுவுக்கு இறக்கம், மற்றோர் அணுவுக்கு ஏற்றம்.

காரணம் என்ன? வெப்பம் என்பது கட்டுக்கடங்காத ஆட்டம். அந்த ஆட்டம் மிக மிக, இழுப்பவர் இருவருள் வலியவர் யார், எளியவர் யார் என்னும் வேறுபாடு தன் செல்வாக்கை இழக்கிறது. கற்பனையாக வெப்பநிலையை எல்லையின்றி உயர்த்திக்கொண்டே போனால், சீசியமாயினும் சோடியமாயினும் மூன்றில் ஒரு பங்கு அயனி என்னும் ஒரே அளவை நோக்கி வரும். மேலிருப்பது இறங்கி வருகிறது. கீழிருப்பது ஏறி வருகிறது.

அப்படியானால் சீசியத்திற்குச் சூட்டைக் குறைத்துக்கொண்டே போகலாமா? அதற்கும் ஓர் எல்லை உண்டு. சூடு போதாவிட்டால் வந்து படிந்த அணுக்கள் கிளம்ப இயலாமல் பரப்பிலேயே தங்கிவிடும். சீசியம் போர்த்திய டங்ஸ்டன், பழைய டங்ஸ்டன் அன்று; அதன் வெளியேற்று ஆற்றல் 4.5 என்னும் நிலையிலிருந்து 2க்கும் கீழே வீழ்ந்துவிடும். அயனிகள் வருவதும் ஏறத்தாழ நின்றுவிடும். பரப்பைத் துப்புரவாக வைத்திருக்கும் அளவுக்குச் சூடு வேண்டும். அதற்குமேல் ஏற்றினால் இழப்பு.

இந்த அளவறிவு நமக்குப் புதியதன்று. வாடிப்பட்டி மேளத்தை அறியாதார் தென்பாண்டி நாட்டில் இலர். பறையை வைக்கோல் தீயில் காய்ச்சுவோரைக் கேளுங்கள். காய்ச்சல் குறைந்தால் ஒலி எழாது. மிகுந்தால் தோல் கெடும். எவ்வளவு போதும் என்பதை விரலால் தட்டிப் பார்த்தே நம் முன்னோர் அறிந்தனர். அத்தொழிலை இழிவென்று பேசியவர்கள், அதற்குள் இருந்த அறிவைக் காணவில்லை. கையால் அறிந்த அளவை எண்ணாலும் அறிந்துகொள்வதே அறிவியல் கல்வி.

இனி, இக்கணக்கின் வேரை ஊன்றியவரைப் பற்றிச் சொல்லுவோம். மேகநாத சாகா 1893ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள், டாக்காவுக்கு அருகில் சியோராதலி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜகந்நாத சாகா சிறு மளிகைக் கடை வைத்திருந்தார். எட்டுப் பிள்ளைகளில் ஐந்தாமவர் மேகநாதர். தொடக்கப் பள்ளிக்குமேல் படிக்க ஊரில் வழியில்லை. சில கல் தொலைவில் இருந்த சிமுலியா என்னும் ஊரில் அனந்த குமார தாஸ் என்ற மருத்துவர் அவருக்கு உணவும் இடமும் அளித்தார். சிறுவன் தன் பாத்திரங்களைத் தானே கழுவிக்கொள்வதும் மாட்டைப் பார்த்துக்கொள்வதும் அதற்குரிய ஏற்பாடு. பின்னர் டாக்காவில் உதவித்தொகை பெற்றுப் படித்தார். 1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்த மாணவர்களோடு சேர்ந்து ஆளுநரின் வருகையைப் புறக்கணித்ததால் அவ்வுதவித்தொகையை இழந்தார்.

1911இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். ஈடன் இந்து விடுதியில் அவரோடு ஒரே உணவுக்கூடத்தில் உண்ண உயர்சாதி மாணவர் சிலர் மறுத்தனர். வங்கத்தின் சாதி அடுக்கில் தாழ்த்தி வைக்கப்பட்ட ஒரு சிறு வணிகச் சமூகத்தில் அவர் பிறந்திருந்தார் என்பதே காரணம். சேரியில் பிறந்தோர் பட்ட துன்பமும் அவர் பட்டதும் ஒரே அளவின என்று நாம் சொல்ல மாட்டோம். ஆயினும் பந்தியில் விலக்கப்படுவது எத்தகையது என்பதை அவர் அறிவார். நம் பெரியோரும் அறிவர். 1915இல் முதுநிலைத் தேர்வில் சத்யேந்திரநாத போஸ் முதலிடமும் சாகா இரண்டாமிடமும் பெற்றனர்.

1920இல், தம் 27ஆம் வயதில், சூரியனின் நிறமண்டலத்தில் அணுக்கள் அயனியாவது குறித்த கட்டுரையை இங்கிலாந்தின் 'பிலாசபிகல் மேகசின்' என்னும் இதழில் அவர் வெளியிட்டார். அணு ஒன்று அயனியாகவும் எலக்ட்ரானாகவும் பிரிவதை, ஒரு வேதிவினை சமநிலை அடைவதுபோல் அவர் கருதினார். எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில், எத்தனை பங்கு பிரியும் என்பதற்கு ஒரு சமன்பாட்டைத் தந்தார். வாயுவுக்கு அவர் வகுத்த இந்த முறையே உலோகப் பரப்புக்கும் விரிந்தது. ஆதலால்தான் நாம் மேலே செய்த கணக்கு இன்றும் சாகா–லாங்மியூர் சமன்பாடு என்று இருவர் பெயராலும் வழங்குகிறது.

அச்சமன்பாடு நமக்குத் தொலைவானதும் அன்று. வாடிப்பட்டிக்கு மேற்கே எழுந்து நிற்கும் மலைகளின்மேல் கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஓர் எலக்ட்ரானை இழந்த கால்சியம் வெளியிடும் ஊதா ஒளியில் சூரியனைப் படம்பிடிக்கும் பணி அங்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தொடங்கியது. நிறமண்டலத்தின் உயரத்தில் கால்சியம் ஏன் அயனியாகவே மிகுந்து காணப்படுகிறது? அங்கு அழுத்தம் மிகக் குறைவு. பிரிந்த எலக்ட்ரான் மீண்டும் அயனியோடு சேரும் வாய்ப்பும் குறைவு. சாகாவின் கட்டுரை தந்த விளக்கம் இதுவே. அவர் சமன்பாட்டைக் கொண்டே, 1925ஆம் ஆண்டில் சிசீலியா பெய்ன் என்னும் இளம்பெண் விண்மீன்களில் ஹைட்ரஜனே மிகுதி என்று கணக்கிட்டுக் காட்டினார். நம் பெண்மக்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

உலோகப் பரப்பின் கணக்குக்கும் பயன்கள் பல. பாறையின் வயதைக் காண்போர், பாறையிலிருந்து பிரித்த ருபீடியம், ஸ்ட்ரான்சியம் ஆகியவற்றை ரேனியம் என்னும் உலோக இழையில் இட்டுச் சூடேற்றி, அயனிகளாக்கி, நிறைமானியில் எண்ணுகின்றனர். இழையின் சூட்டைச் செவ்வனே ஆளாவிட்டால் அளவு பிழைபடும். சீசியம் அணுக்கடிகாரங்களிலும் வந்து சேரும் அணுக்களை எண்ணச் சூடான உலோகப் பட்டையைப் பயன்படுத்தினர். 1967 முதல் ஒரு நொடி என்பதே சீசியம் அணுவின் 9,19,26,31,770 அதிர்வுகளைக் கொண்டுதான் வரையறுக்கப்படுகிறது.

சாகா 1927இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். கல்கத்தாவில் அவர் நிறுவிய அணுக்கரு இயற்பியல் நிறுவனம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1952இல் தேர்தலில் போட்டியிட்டு மக்களவைக்குச் சென்றார். அதே ஆண்டில் அண்ணல் அம்பேத்கர் மாநிலங்களவைக்குச் சென்றார். அண்ணல் பிறந்தது 1891. சாகா பிறந்தது 1893. இருவரும் மறைந்தது 1956. ஒருவர் சட்டத்தையும் மற்றவர் அணுவையும் கற்றுத் தேர்ந்தனர். இருவருக்கும் தொடக்கத்தில் கைகொடுத்தது உதவித்தொகையே. இத்தகைய சங்கங்கள் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

இளைஞர்களே! பதினொன்றாம் வகுப்பில் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நாளில், "உனக்கு இயற்பியல் எதற்கு? எளிதான பிரிவை எடு" என்று அறிவுரை சொல்ல ஆட்கள் வருவார்கள். அன்பினாலும் சொல்வார்கள், வேறு எண்ணத்தினாலும் சொல்வார்கள். பிற பிரிவுகள் தாழ்ந்தவை என்று நாம் சொல்லவில்லை. விரும்பி எடுப்பது வேறு. அஞ்சி ஒதுங்குவது வேறு. சூடு ஏறினால் எல்லாம் ஏறும் என்னும் பொது நம்பிக்கையை ஒரு சிறு கணக்கு எவ்வாறு திருத்தியது என்று கண்டோம். நம்மைப் பற்றிப் பிறர் கொண்டுள்ள பொது நம்பிக்கைகளையும் அவ்வாறே சோதித்துப் பாருங்கள்.

இன்று நாம் செய்த கணக்குக்குத் தேவைப்பட்டவை கழித்தல், வகுத்தல், அடுக்கு, பாதி ஆகிய நான்கே. இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் ஒரு தாளை எடுங்கள். பொட்டாசியத்தின் அயனியாக்க ஆற்றல் சுமார் 4.3 எலக்ட்ரான் வோல்ட். டங்ஸ்டன் இழையில், 1200 கெல்வினில், 1000 பொட்டாசியம் அணுக்களில் எத்தனை அயனிகளாகும் என்று கண்டு, விடையைச் சங்கத்தின் படிப்பகத்தில் சேர்ப்பியுங்கள். விடை பிழையாயினும் சேர்ப்பியுங்கள். அமர்ந்து திருத்திக்கொள்ள நாம் அங்கு இருப்போம்.