வீட்டிலேயே தூண்டில் புழு

 

இன்று நான் புழுவைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். இது சின்ன உயிர்தான். ஆனால் இதைத் தேடிப் போகிற இடத்தில் நம் உயிருக்கே ஆபத்து இருக்கிறது.

நம் அந்தமானில் பல வீடுகளில் குட்டை இருக்கிறது. குட்டையில் கெண்டை இருக்கும். ஜிலேபி இருக்கும். கெளுத்தியும் இருக்கும். மாலையில் தூண்டில் போட்டால் இரவுக் குழம்புக்கு மீன் கிடைக்கும். தூண்டில் முள்ளில் கோக்க மண்புழு வேண்டும். நாம் பல ஊர்களிலிருந்து வந்தவர்கள். மண்புழுவைச் சிலர் நாங்கூழ் என்போம். சிலர் நாக்குப்பூச்சி என்போம். பெயர் எதுவானாலும் புழு ஒன்றுதான்.

மழைக்காலத்தில் வாசலைக் கிளறினாலே புழு கிடைக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மண் காய்ந்துவிடும். புழு ஆழத்துக்குப் போய்விடும். அப்போது நாம் என்ன செய்கிறோம்? மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஈரமான இடத்தைத் தேடிப் போகிறோம். ஈரமான இடம் எது? ஓடைக்கரை. நாம் கிரீக் என்று சொல்கிறோமே, அந்த உப்போடையின் கரை.

அங்கேதான் ஆபத்து. உப்போடையில் உவர்நீர் முதலை வாழ்கிறது. அது தண்ணீருக்கு அடியில் சத்தம் இல்லாமல் கிடக்கும். நாம் குனிந்து மண்ணைத் தோண்டுவோம். நம் கவனம் புழுவின் மேல் இருக்கும். முதலையின் கவனம் நம் மேல் இருக்கும்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாளை யாரும் மறக்கமாட்டோம். அன்றைய பூகம்பத்தில் தெற்கு அந்தமானில் நிலம் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் பக்கம் வயல்களுக்குள் கடல்நீர் வந்து நின்றுவிட்டது. முன்பு வரப்பாக இருந்த இடம் இன்று உப்புநீர்க் கரை ஆகிவிட்டது. நமக்கு அது பழைய வரப்பு. முதலைக்கு அது புதிய கரை.

கடலில் இருந்தாலும் முதலை வரும். 2010-ஆம் ஆண்டு ஹேவ்லாக் தீவில் ஒரு வெளிநாட்டுப் பெண் கடலில் நீந்தும்போது முதலை தாக்கி இறந்தார். அந்தத் தீவுக்கு இப்போது ஸ்வராஜ் தீவு என்று பெயர். முதலையைக் கொல்வது குற்றம். 1972-ஆம் ஆண்டு வந்த வனவிலங்குச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. அதனால் ஒதுங்க வேண்டியவர்கள் நாம்தான். மீன் கழிவு, கோழிக் கழிவை ஓடையில் கொட்டவும் கூடாது. அந்த வாசனைக்கு முதலை வரும்.

சரி, புழுவுக்கு என்ன வழி? வீட்டுக்குப் பின்னால் ஒரு பெட்டி வைத்தால் போதும்.

பெட்டி தயார் செய்வது

இரண்டு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள மரப்பெட்டி போதும். பழைய பிளாஸ்டிக் தொட்டியும் ஆகும். அடியில் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போடுங்கள்.

ஓட்டையை மறக்காதீர்கள். நான் முதலில் வைத்த பெட்டியில் ஓட்டை இல்லை. ஒரே இரவு மழை. காலையில் பார்த்தால் அத்தனை புழுவும் செத்து மிதந்தது. மண்புழுவுக்கு மூக்கு இல்லை. அது தோலால் மூச்சு விடுகிறது. தோல் ஈரமாக இருக்க வேண்டும். ஆனால் தேங்கிய நீரில் மூச்சு முட்டிச் செத்துவிடும். நம் தீவில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னை மழையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் பெட்டியைக் கூரைக்கு அடியில், நிழலில் வையுங்கள்.

அடியில் தேங்காய் மட்டையைத் துண்டு துண்டாகப் பரப்புங்கள். அதன் மேல் காய்ந்த இலை, நறுக்கிய வாழைத்தண்டு போடுங்கள். அதன் மேல் பழைய சாணம் போடுங்கள். புதுச் சாணம் வேண்டாம். அது மக்கும்போது சூடாகும். புழு வெந்துவிடும். பதினைந்து நாள் ஆறிய சாணம் நல்லது. எல்லாவற்றையும் நல்ல தண்ணீரால் நனையுங்கள். உப்புத் தண்ணீர் ஒரு சொட்டும் ஆகாது. பத்து நாள் அப்படியே விடுங்கள். கையை உள்ளே விட்டுப் பாருங்கள். சூடு இல்லாவிட்டால் புழுவை விடலாம்.

எந்தப் புழு?

ஆழமான மண்ணில் வாழும் புழு பெட்டியில் தங்காது. பழைய எருக்குழி, மக்கிய வாழைக் குப்பை, இவற்றின் அடியில் சிவப்பு நிறப் புழு இருக்கும். அதுதான் பெட்டிக்கு ஏற்றது. நூறு புழு இருந்தால் தொடங்கலாம். மண்புழு உரம் போடுகிற விவசாயிகளிடம் கேட்டாலும் கிடைக்கும். சிப்பிகாட்டில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அங்கே போய் விவரம் கேளுங்கள்.

தீனியும் காவலும்

காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், தேயிலைச் சக்கை, இலைதழை, இவைதான் தீனி. உப்பு, புளி, மிளகாய், எண்ணெய், எலுமிச்சைத் தோல் போடக் கூடாது. மீன் கழுவிய தண்ணீரும் கூடாது. கொஞ்சமாகப் போடுங்கள். அது தீர்ந்த பிறகு மறுபடி போடுங்கள். பெட்டி நாறினால் தீனி அதிகம் என்று பொருள்.

ஈரம் சரியா என்று எப்படித் தெரியும்? ஒரு கை எருவை எடுத்துப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் ஈரம் அதிகம். ஒன்றுமே வராவிட்டால் தண்ணீர் தெளியுங்கள். வெயில் காலத்தில் நனைத்த சாக்கைப் போட்டு மூடுங்கள்.

எறும்பு, எலி, கோழி, பூரான், எல்லாம் புழுவுக்குப் பகை. மேலே கம்பிவலை போடுங்கள். பெட்டியை நான்கு காலின் மேல் வையுங்கள். ஒவ்வொரு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தால் எறும்பு ஏறாது. கிண்ணத் தண்ணீரில் கொசு முட்டை இடும். இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விடுங்கள்.

எப்போது எடுக்கலாம்?

அவசரம் கூடாது. ஒரு மண்புழுவின் உடலிலேயே ஆண் தன்மையும் உண்டு, பெண் தன்மையும் உண்டு. ஆனாலும் இரண்டு புழு சேர்ந்தால்தான் முட்டைக்கூடு வரும். அது பொரிந்து, குஞ்சு வளர்ந்து பெரிதாக வேண்டும். அதற்கு இரண்டு மூன்று மாதம் விடுங்கள். வளர்ந்த புழுவின் உடலில் மோதிரம் போல ஒரு பட்டை தெரியும். பட்டை உள்ளதை எடுங்கள். பட்டை இல்லாததை விட்டுவிடுங்கள். ஒரே நேரத்தில் பாதிக்கு மேல் எடுக்காதீர்கள். விதைநெல்லை யாராவது சமைத்துச் சாப்பிடுவார்களா?

எடுப்பது சுலபம். எருவைச் சாக்கின் மேல் வெளிச்சத்தில் குவியுங்கள். புழுவுக்கு வெளிச்சம் பிடிக்காது. அது அடிக்குப் போய்விடும். மேலே உள்ள எருவை வழித்து எடுங்கள். கத்தரிக்கும் மிளகாய்க்கும் அது நல்ல உரம். அடியில் புழு திரண்டு கிடக்கும். சிரட்டையில் ஈரமான தேங்காய் நாரைப் போட்டு அதில் வைத்துக் கொண்டுபோங்கள். புழுவைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் புழு குட்டைக்குத்தான். கடலுக்கு அல்ல. உப்புநீரில் அது சீக்கிரம் செத்துத் தொளதொளத்துவிடும். கடல் தூண்டிலுக்கு மத்தியும் கணவாயும்தான் சரி.

மீந்த புழுவைக் காட்டில் வீசாதீர்கள். வீட்டுப் பெட்டிக்கே கொண்டுவாருங்கள். ஏன் தெரியுமா? நம் தோட்டத்தைத் தின்கிற பெரிய ஆப்பிரிக்க நத்தை இந்தத் தீவின் உயிர் அல்ல. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் இங்கே இருந்தபோது உணவுக்காகக் கொண்டுவந்தது. அவர்கள் போய்விட்டார்கள். நத்தை போகவில்லை. வெளியூர் உயிரைக் காட்டில் விட்டால் திரும்பப் பிடிக்க முடியாது.

இங்கிலாந்தில் டார்வின் என்று ஓர் அறிஞர் இருந்தார். அவர் பல ஆண்டுகள் மண்புழுவைக் கவனித்தார். 1881-இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அமெரிக்காவிலும் கனடாவிலும் தூண்டில்காரர்களுக்கு மண்புழு விற்றே பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே புழு வளர்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

வீட்டுக்கு ஒரு பெட்டி வைப்போம். குப்பை குறையும். உரம் கிடைக்கும். தூண்டிலுக்குப் புழு கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் பிள்ளை மண்வெட்டியோடு ஓடைக்கரைக்குப் போக வேண்டியது இல்லை. "புழு எடுத்துவா" என்று சொன்னால் கொல்லைக்குப் போய்விட்டு உடனே திரும்பி வருவான். அது போதாதா?