சுவருக்கு முன்னே கோடு



2024-ல் அறிவித்த கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். பத்தாததுக்கு நாம குழுவில் கடன் வாங்குறோம். ஆனா அடுப்படி எங்கே, அலமாரி எங்கேன்னு முடிவு பண்றது யாரு? கொத்தனார்!

அகமதாபாத் செப்ட் நிறுவனத்தில் உள்ளறை வடிவமைப்புக்கென்றே 1991-ல் ஒரு பள்ளி தொடங்கினாங்க. இப்படிப்பட்ட படிப்பில் பிள்ளைங்க முதல்ல புழங்குறவங்களைத்தான் கேட்கிறாங்க. பிறகு பல படம் போட்டு, அழிச்சு, அளவோடு பிளான் வரையறாங்க. கடைசியா வேலைக்கான வரைபடம்: ஜன்னல் உயரம், சுவிட்ச் இடம், கதவு திறக்கும் பக்கம் எல்லாம் அதில் இருக்கும்.

நாமும் கேட்டுக்குவோம். முந்திரிக்கொட்டை மூட்டை எங்கே அடுக்குவோம்? பலாச்சுளை எடுக்க எங்கே உட்காருவோம்? மனையில் கோலமாவால் கோடு போட்டு உள்ளே நடந்து பாருங்க. சமையல் மேடை முழங்கைக்கு நாலு விரல் கீழே இருந்தால் தோள் வலிக்காது. கூரை, தூண் பற்றி ஒன்றியப் பொறியாளரைக் கேளுங்க.

கோட்டை அழிக்க துடைப்பம் போதும். சுவரை இடிச்சா மறுபடி கடன்தான்.

வீடு கட்டப்போறவங்க அடுத்த கூட்டத்துக்கு ஒரு தாளில் படம் போட்டு வாங்க. சேர்ந்து பார்ப்போம்.