வைக்கோலில் இருந்து மோட்டார் எரிபொருள்



குற்றாலத்தில் சாரல் பிடித்து, சிற்றாற்றில் தண்ணீர் வந்ததும் நாம் கார் நடவு செய்கிறோம். கார் அறுப்பு சமயத்தில் மழை பிடித்தால் வைக்கோல் நனைந்து வீண். பிசான வைக்கோல் அப்படி இல்லை; நன்றாகக் காய்ந்து படப்பு ஏறிவிடும். மிஞ்சியது மலை தாண்டிக் கேரளாவுக்கும் போகும். இப்போது அந்த வைக்கோலுக்கு இன்னொரு கிராக்கி வந்திருக்கு. பெட்ரோலில் கலக்கிற எத்தனாலை அதிலிருந்து எடுக்கிறாங்க.

அது எப்படி என்பீர்கள். பதநீர் புளித்தால் கள்ளாகிறதல்லவா? அதிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சாராயமாக மாற்றுகிறது. வைக்கோலிலும் சர்க்கரை உண்டு. ஆனால் நாருக்குள்ளே பூட்டிக் கிடக்கிறது. மாட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அந்தப் பூட்டைத் திறந்துவிடும். ஆலையில் வைக்கோலை நறுக்கி, அமிலமும் நீராவியும் கொடுத்து வேகவைத்து, நொதி சேர்த்துத் திறக்கிறார்கள். பிறகு புளிக்கவைத்து வடிப்பார்கள். வீட்டு அடுப்பில் செய்கிற காரியம் இல்லைங்க. செய்தால் மதுவிலக்குப் போலீஸ்தான் வரும்!

அரியானா மாநிலம் பானிப்பட்டில், இந்தியன் ஆயில் நிறுவனம் அமைத்த இப்படிப்பட்ட ஆலை 2022 ஆகஸ்டில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் 3 கோடி லிட்டர் எடுப்பது என்று திட்டம். டன்னுக்கு 150 லிட்டர் ஆச்சு. அங்கே நெல்லை இயந்திரத்தில் அறுத்துவிட்டு, கோதுமை விதைக்கிற அவசரத்தில் தாளைக் கொளுத்துவார்கள். நெல் வைக்கோலை மாட்டுக்கு அதிகம் போடுவதும் இல்லை. அதனால் அவர்களுக்கு அது கழிவு.

நமக்கு அப்படியா? தொழுவத்துக்குப் போக மிஞ்சினால்தான் விற்பனை. நாளைக்கு ஒரு வியாபாரி வந்து, “வெறும் வைக்கோல்தானே, ஏத்திவிடுங்க” என்றால், ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ தழைச்சத்து இருக்கு. சாம்பல் சத்தோ, ஏறக்குறைய அரை மூட்டை பொட்டாஷ் உரத்துக்குச் சமம். லாரி ஏறினால் அத்தனையும் ஊரை விட்டுப் போச்சு. அந்த உரத்தின் விலையும், தீவன விலையும் கையில் வராமல் கொடுக்காதீர்கள். கட்டுக் கணக்கு வேண்டாம், எடை போட்டு விற்பதே நல்லது. வைக்கோல் எடை குறைவு, இடம் அதிகம் அடைக்கும். ஆலை தூரமாக இருந்தால் வாடகையே விலையைத் தின்றுவிடும்.

நனைந்து அழுகிய கார் வைக்கோலை மாடும் தொடாது, அதில் சர்க்கரையும் குறைந்துபோகும். அதைக் கொளுத்தாமல், பிசான நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே மடக்கி உழுதுவிடுங்கள். நடவை ஒட்டி உழுதால் மக்குகிற வைக்கோலே தழைச்சத்தை இழுத்துக்கொண்டு, இளம்பயிர் மஞ்சளடிக்கும்.