வீடு பூட்டியிருக்கும் நாட்களில் சாடிப் பயிர்களுக்கு நீர்
(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் நிகழ்த்திய பேச்சு)



ஆடி, ஆவணி மாதங்களில் வடபகுதியில் மழை அரிது. சோளகக் காற்று ஓயாது வீசி மண்ணின் ஈரத்தைக் கவர்ந்து செல்லும். இக்காலத்திலேதான் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாட் திருவிழாவும், ஓகஸ்ட் 15ஆந் திகதி மடுமாதா திருவிழாவும் வருகின்றன. குடும்பத்துடன் நாலைந்து நாட்கள் வெளியூர் சென்று தங்குவோர் பலர். அந்நாட்களில் முற்றத்துச் சாடிகளிலும் பொலித்தீன் பைகளிலும் நிற்கும் ஒட்டு மா, தேசி, கத்தரி, மிளகாய்க் கன்றுகளின் கதி யாது?

நிலத்தில் நிற்கும் பயிர் வேரை ஆழச் செலுத்தி ஓரிரு நாட்கள் தாங்கும். சாடிப் பயிருக்கு அவ்வழி இல்லை. அதற்கு உள்ளது ஒரு சாண் மண்ணே. அம்மண்ணும் மேலிருந்து மட்டுமன்றிப் பக்கங்களிலிருந்தும் சூடேறிக் காயும். பல மாதம் பேணிய ஒட்டுக்கன்று நாலு நாளில் பட்டுப்போவது இதனாலேயே. இதற்கஞ்சி வீட்டில் ஒருவரை நிறுத்திச் செல்கின்றோம். பெரும்பாலும் அவர் வீட்டின் முதியவராகவோ பெண்ணாகவோ இருக்கின்றார். செலவில்லாத சில ஒழுங்குகளைச் செய்தால் அவரும் திருவிழாவுக்கு வரலாம்.

முதலாவது, ஈரத்தைக் காத்தல். சாடிகள் அனைத்தையும் காற்றுப் படாத மதிலோரத்திலோ மரநிழலிலோ நெருக்கமாகச் சேர்த்து வையுங்கள். பைக்கன்றுகளை நிழலில் வெட்டிய ஆழமற்ற குழியில் விளிம்புவரை மண்ணணைத்து நிறுத்துங்கள். புறப்படும் நாட் காலையில் அடித்துளையால் வழியும்வரை நீர் ஊற்றி, அரைமணி கழித்து மீண்டும் ஊற்றுங்கள். காய்ந்து சுருங்கிய மண் முதல் நீரை ஓரத்தால் வழியவிட்டுவிடும். இரண்டாம் நீரே உள்ளே ஊறும். பின்னர் மேல்மண்ணை வைக்கோலாலோ நனைத்த தும்புச்சோற்றாலோ இரண்டங்குலத் தடிப்பில் மூடுங்கள். பொச்சுமட்டை பரப்புவோர் அதன் குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி வைத்தல் வேண்டும். முற்றிய காய்களைப் பறித்துவிடுங்கள். புறப்படுமுன் உரமிடாதீர்கள், நீர் குறையும்போது உரத்தின் உப்பு வேரைச் சுடும்.

இரண்டாவது, திரி முறை. விளக்குத்திரி எண்ணெயை ஈர்ப்பதுபோலப் பருத்தித் துணியும் நீரை ஈர்க்கும். பழைய வேட்டியில் விரலகலப் பட்டியைக் கிழித்து முறுக்கி, நீரில் நன்கு நனையுங்கள். ஒரு முனையில் சிறு கல்லைக் கட்டி நீர்ப்பானையின் அடிவரை விடுங்கள். மறுமுனையைச் சாடி மண்ணில் மூன்றங்குல ஆழத்திற் புதையுங்கள். பானையின் வாய் சாடியின் வாய்க்கு ஏறத்தாழச் சமமாக இருத்தல் நன்று. பானையை மிக உயரத்தில் வைத்தால் நீர் விரைந்திறங்கி, பானை முதல் நாளே வற்றிவிடும். தாழ வைத்தால் நீர் போதாது. வெளியில் தெரியும் திரி எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நல்லது.

மூன்றாவது, முட்டி முறை. பெருஞ்சாடிகளிலும், குழியில் நட்ட இளமரங்களின் அருகிலும் மெருகு பூசாத மண்முட்டியைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்புங்கள். மண் காயக் காய முட்டியின் நுண்துளைகளால் நீர் கசியும். மண் ஈரமாக இருக்கையில் கசிவு தானே குறையும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக் கல் நிலத்துக் கிணற்று நீரால் இத்துளைகள் காலப்போக்கில் அடைபடும். ஆகையால் பல வருடம் நீர் வைத்துப் பழகிய முட்டியை நம்பாது புதியதைப் பயன்படுத்துங்கள்.

எம்முறையாயினும் புறப்படுவதற்கு மூன்று நாள் முன்னரே ஒத்திகை பாருங்கள். பானையில் நீர்மட்டத்தைக் கரியாற் குறித்து, மறுநாள் அதே நேரத்தில் எவ்வளவு குறைந்ததென அளவுங்கள். ஒரு நாளில் அரை லீற்றர் குறைந்தால் ஆறு நாட்களுக்கு மூன்று லீற்றர் தேவை. அதற்குமேல் ஒரு நாளைக்கான நீரையும் கூட்டி வையுங்கள்.

இனிச் சொல்வதை மறவாதீர்கள். திறந்து கிடக்கும் தெளிந்த நீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாட்களுள் அது பறக்கும் நுளம்பாகிவிடும். எனவே பானை, முட்டி ஆகியவற்றின் வாயைத் துணியால் இறுகக் கட்டி, திரி செல்லும் இடைவெளியையும் அடையுங்கள். சாடியின்கீழ்த் தட்டங்களை அகற்றிவிடுங்கள். திரும்பி வந்தவுடன் எஞ்சிய நீரைத் தரையில் ஊற்றிப் பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஒட்டிய முட்டைகள் காய்ந்தும் பல மாதம் உயிரோடிருக்கும். நுளம்பு பெருக இடமளிப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமுமாகும். ஒரு கன்றைக் காக்கப்போய் அயலவர் பிள்ளையை நோயில் வீழ்த்துதல் ஆகாது.

நாற்றுமேடைக்கு மட்டும் இம்முறைகள் பொருந்தா. இளநாற்று நீர் குறைந்தால் வாடும், மிகுந்தால் அழுகும். அதற்கு நாட்தோறும் பூவாளி பிடிக்கும் கை வேண்டும். ஆகவே பயண நாட்களைக் கணக்கிட்டு விதையிடுங்கள். இயலாதாயின் அயலவரிடம் ஒப்படையுங்கள். அவர் செல்லும் நாளில் நீங்கள் அவருக்கு உதவுங்கள்.