சிற்றேடும் சீரான எழுத்தும்

(வடமாகாணக் கிராமமொன்றின் வாசிகசாலை மண்டபத்தில், வடிவமைப்புக் கலை பயிலும் மாணவி ஒருவர் ஆக்கிய சிற்றேடுகளின் காட்சியைத் திறந்து வைத்துச் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை.)



இம்மண்டபத்தில் நான்கு மேசைகள் மீது பரப்பி வைக்கப்பட்டிருப்பவற்றைப் பார்த்தீர்கள். உள்ளங்கையிலே அடங்கும் சிற்றேடுகள். ஒன்றிலே பழைய கடைப்பலகைகளில் தூரிகையால் எழுதப்பட்ட எழுத்துக்களின் படங்கள்; ஒன்றிலே மழைக்கும் மண்ணுக்கும் நம் பாட்டிமார் வழங்கிய சொற்கள்; வேறொன்றிலே காணி பற்றிய அரசாங்க அறிவித்தலை வாசிக்கும் முறை. இவற்றை ஆக்கியவர் நம்மூர்ப் பிள்ளை. எழுத்தின் உருவத்தையும் பக்கத்தின் அமைப்பையும் ஒரு கலையாகப் பயிலும் மாணவி. வாயிலிலே நின்ற பெரியவர் ஒருவர் என்னைத் தடுத்து, "தம்பி, எழுத்தை அடுக்கி வைக்கிறதுக்கும் ஒரு படிப்பா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அக்கேள்விக்கு விடை கூறுவதே இன்று என் வேலை.

மேல்நாட்டார் இத்தகைய ஏடுகளை 'ஸீன்' என்கின்றனர். விஞ்ஞானக் கதைகளில் மோகங்கொண்ட அமெரிக்க இளைஞர்கள் 1930 இல் தமக்குள்ளே சுற்றுக்கு விட்ட ஏடுகளிலிருந்து அப்பெயரின் கதை தொடங்குகிறது. 1976 இல் இலண்டனிலே, பெரிய பத்திரிகைகள் ஏறிட்டும் பாராத இசையைப் பற்றி எழுதி, போட்டோப் பிரதி எடுத்து விற்றார்கள். சோவியத் நாட்டிலே 1968 முதல் ஓர் ஏடு, கைதானவர்களின் விபரங்களைத் தட்டெழுத்திலே கார்பன் தாள் வைத்து அடித்து, கைக்குக் கை மாற்றிப் பரப்பியது. வேறு வேறு நாடு, வேறு வேறு நோக்கம். எனினும் முறை ஒன்று. சொல்ல வேண்டியதைச் சொல்ல எவரிடமும் உத்தரவு கேளாமல், இருக்கிற தாளில், முடிந்த அளவு பிரதிகளில் சொல்லி விடுவது. துண்டுப் பிரசுரத்தோடு வீடு வீடாகத் திரிந்து அரசியல் பழகிய எனக்கு இதிலே புதிதாகத் தோன்றுவது பெயர் ஒன்றுதான்.

தமிழுக்கு இது புதிதா? 1578 இல் கொல்லத்திலே அச்சான 'தம்பிரான் வணக்கம்', தமிழ் எழுத்தில் அச்சேறி நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் முதலாவது. அதன் பக்கங்கள் எத்தனை? பதினாறு! நம்முடைய அச்சு வரலாறு ஒரு சிற்றேட்டிலேதான் பிறந்தது.

அதன் பின்னர் வந்தவர்களை எழுத்தின் உருவத்தைப் பற்றிச் சிந்திக்க வைத்தது அழகுணர்ச்சி மட்டுமன்று, காகிதப் பஞ்சமுமாகும். ஜெர்மனியின் ஹாலே நகரிலே வார்த்த தமிழ் எழுத்துக்கள் 1713 இல் தரங்கம்பாடிக்கு வந்தன. அவை பருமனானவை, தாளை விழுங்கின. ஆதலால் அருகிலுள்ள பொறையாறிலே சிறிய எழுத்துக்களை வார்த்தார்கள். அடுத்த நூற்றாண்டிலே சென்னை அமெரிக்க மிசன் அச்சுக்கூடத்தில் ஹண்ட் என்பவர் தமிழெழுத்தை மேலும் சுருக்கி, தெளிவு கெடாமல் அமைத்தார். உடுவிலிலே பல்லாண்டு பணியாற்றிய வின்சுலோவின் பேரகராதி 1862 இல் அந்த அச்சுக்கூடத்திலேதான் வெளிவந்தது. எழுத்துச் சுருங்கியிராவிட்டால் அத்தனை சொற்களையும் ஒரே நூலுள் அடக்கியிருக்க முடியுமா?

யாழ்ப்பாணத்துக் கதையைக் கேளுங்கள். 1820 இல் அமெரிக்க மிசன் அனுப்பிய அச்சாளர் ஒருவரைத் தீவிலே தங்கவிடாமல் ஆங்கில ஆட்சி திருப்பியனுப்பியது. மனிதர் கொண்டுவந்தது பீரங்கியன்று, அச்சுத் தொழில்! 1834 இலேதான் மானிப்பாயிலே மிசனின் அச்சுக்கூடம் இயங்கத் தொடங்கிற்று. 1841 இல் உதயதாரகை எழுந்தது. 1849 இல் நாவலர் பெருமான் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து, வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். மிசனாரின் சிறு பிரசுரத்துக்குச் சிறு பிரசுரத்தாலேயே அவர் விடையிறுத்தார். சமயத்தில் எதிரெதிராக நின்ற இரு தரப்பாரும் இந்த ஒரு விடயத்தில் ஒன்றுபட்டனர். 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்திலே, கோடிட்ட பாடசாலைக் கொப்பித் தாளிலேகூட நம் பத்திரிகைகள் அச்சேறியதை இங்குள்ள பலர் கண்ணாற் கண்டிருக்கிறீர்கள். தாள் எதுவாயினும் எழுத்து வந்தது.

எழுத்தின் இயல்பு

இனி, அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். இதிலே படிக்க என்ன இருக்கிறது?

தமிழெழுத்து ஆங்கில எழுத்தைப் போல் ஒரே மட்டத்தில் ஓடுவதன்று. 'கி', 'கீ' என்பவற்றின் விசிறி மேலே எழும்பும். 'கு', 'ழு', 'று' என்பவற்றின் வால் கீழே இறங்கும். வரிக்கும் வரிக்கும் இடையே போதிய வெளி விடாவிட்டால், மேல்வரியின் வால் கீழ்வரியின் விசிறியிலே முட்டும். ஆங்கிலத்துக்கு அளந்த இடைவெளியைத் தமிழுக்கும் அப்படியே போடுகிறவர்கள் இதனை அறிவதில்லை. நம்முடைய சொற்கள் நீளமானவை. ஒடுங்கிய பத்தியிலே இரு ஓரமும் நேராக நிற்க வேண்டுமென்று இழுத்தால், சொற்களுக்கிடையே வாய்க்கால் வாய்க்காலாக வெள்ளை தெரியும். கண் அதிலே விழுந்து தடுமாறும். ஓலையிலே புள்ளி குத்தினால் ஓலை கிழியுமென்று நம் முன்னோர் புள்ளியை விட்டெழுதினர். வாசிப்பவனே இடமறிந்து புள்ளியிட்டுக் கொண்டான். இன்றோ ஓலை இல்லை. ஆயினும் சிறிய எழுத்தை மூன்றாந்தரப் போட்டோப் பிரதி எடுத்தால் அதே புள்ளி மறுபடியும் மறைந்து விடுகிறது. 'ர' என்ற எழுத்தும் துணைக்காலும் ஒன்றையொன்று ஒத்துத் தோன்றும் எழுத்துருக்களும் உள. இவற்றையெல்லாம் கண்டு, அளந்து, தேர்ந்து கொள்வதுதான் இந்தப் பிள்ளை பயிலும் வித்தை.

கணினி வந்த பின் இக்குறைகள் தீர்ந்து விட்டன என்று எண்ணிவிடாதீர்கள். நம் நாட்டிலே நெடுங்காலம் 'பாமினி' என்ற எழுத்துரு கோலோச்சியது. அதிலே தட்டிய கோப்பை அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே திறந்தால் தமிழ் இராது. பொருளற்ற ஆங்கிலக் குறிகளே கிடக்கும். உலகப் பொதுவான யூனிக்கோடு முறையிலே 1991 முதல் தமிழுக்கு இடமுண்டு. இருந்தும், பக்கம் அமைக்கும் மென்பொருளிலே தமிழுக்குரிய ஒழுங்கைத் தெரிவு செய்யாமல் விடுவோரால் கொம்பு ஒரு பக்கமும் மெய்யெழுத்து ஒரு பக்கமும் துணைக்கால் வேறொரு பக்கமுமாகச் சிதறுண்ட தமிழை இன்றும் பொதுப் பலகைகளிலே காண்கிறோம். அலுவலகமொன்றின் வாயிலிலே அத்தகைய அறிவித்தலின் முன் ஒரு முதியவர் நின்று, எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பார்த்து, கடைசியில் தமக்குக் கண் மங்கி விட்டதென்று எண்ணித் திரும்பியதைக் கண்டேன். கண்ணிலே குற்றமில்லை ஐயா, பலகையிலே குற்றம்! தமிழும் அரசகரும மொழியாகும் என்று 1987 இலே அரசியலமைப்பில் எழுதப்பட்டது. வாசிக்க முடியாத தமிழிலே அறிவித்தல் போட்டு விட்டு, மொழியுரிமை வழங்கியாயிற்று என்று சொல்வதை எந்த நியாயத்தராசிலே நிறுப்பது?

காணிச் சிற்றேடு

கமக்காரர்களாகிய உங்களுக்கு இதனால் என்ன என்று கேட்பீர்கள். 2025 மார்ச் 28 ஆம் திகதிய வர்த்தமானியை நினைவு கூருங்கள். காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவின் கீழ், வடமாகாணத்திலே ஏறத்தாழ 5,940 ஏக்கர் பற்றிய அறிவித்தல் அது. உரிமை கோருவோர் மூன்று மாதத்துள் கோர வேண்டும். கோரப்படாத காணி அரச காணியாகப் பிரகடனப்படுத்தப்படலாம். மூன்று மாதம்! போரிலே உறுதியைத் தொலைத்தவர் எத்தனை பேர்! கடல் கடந்து வாழ்பவர் எத்தனை பேர்! உயர் நீதிமன்றம் ஜூன் 27 ஆம் திகதி, காலக்கெடு முடியும் தறுவாயில், அதனைத் தடுத்து இடைக்கால உத்தரவு வழங்கிற்று. அந்த வழக்கைப் பற்றிப் பேச நான் இங்கு வரவில்லை. அந்த மூன்று மாதத்துள் வர்த்தமானியைக் கையிலெடுத்து, தன் தோட்டம் அதிலே அடங்குமா என்று தானே அறிந்து கொள்ளக் கூடியவராயிருந்த கமக்காரர் எத்தனை பேர் என்பதே என் கேள்வி.

அக்கேள்விக்கு இந்த மாணவி தந்த விடைதான் மூன்றாவது மேசையிலிருக்கும் ஏடு. ஒரே ஒரு ஏ-4 தாள். மூன்று முறை மடித்து, நடுவிலே ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கம். நூலும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் பிரதியெடுத்தாற் போதும், செலவு பாதி. சட்டம் மூச்சு விடாமல் ஒரே வாக்கியத்திலே சொல்வதை அவர் மூன்று கேள்விகளாக உடைத்திருக்கிறார்: எந்தக் காணி? எந்தத் திகதிக்குள்? யாரிடம், எதைக் கொண்டு போவது? பக்கத்துக்கு ஒரு கேள்வி. உறுதி, தோம்பு, நிலஅளவைப் படம், வரிப் பற்றுச்சீட்டு என்பன ஒவ்வொன்றும் ஒரு சிறு படத்தோடு நிற்கின்றன. திகதி மட்டும் தடித்த எழுத்து, வேறெதுவும் தடிக்கவில்லை. எல்லாவற்றையும் தடிப்பாக்கினால் எதுவுமே தடிப்பாகத் தெரியாது என்பது அவர் சொன்ன நியாயம். நீதிமன்றத்திலே வாதம் புரிவோருக்கும் இது நல்ல பாடம்.

முதற்படியை அவர் 10 பொயின்ற் எழுத்திலே அமைத்தார். அதைக் கையிலே எடுத்துக்கொண்டு சங்கக் கடைத் திண்ணைக்குப் போய், அங்கு இருந்தவர்களிடம் வாசிக்கக் கொடுத்தார். அவர்கள் தாளை எட்டப் பிடிப்பதைக் கண்டார். எவரும் "எழுத்துச் சிறிது" என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. நம்மவர் சொல்லவும் மாட்டார்கள். கைகள் நீண்டதைப் பார்த்தே அவர் எழுத்தை 13 ஆக்கினார். எழுத்துப் பெருத்தபோது இடம் போதவில்லை. ஆகவே சொற்களைக் குறைத்தார். அப்பொழுதுதான் ஏடு தெளிந்தது. தாளின் மறுபக்கம் வெறுமையாயிருக்கிறதே என்று, அதிலே அதே செய்தியைச் சுவரொட்டியாகப் பெரிய எழுத்திலே அமைத்தார். மடித்தால் ஏடு, விரித்தால் சுவரொட்டி! இதற்கும் ஒரு படிப்பா என்று கேட்ட பெரியவருக்கு என் விடை இதுவே.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை

சிறு ஏடு வெளியிட்டால் வில்லங்கம் வருமா என்று இளைஞர்கள் கேட்கின்றனர். வராது என்று நான் பொய் சொல்லமாட்டேன். மன்னாரைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம், 2017 இல் வெளியான 'நவரசம்' என்ற தம் கவிதை நூல் காரணமாக 2020 மே மாதத்திலே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைது செய்யப்பட்டார். 2021 டிசம்பரிலே பிணை கிடைத்தது. 2023 டிசம்பரிலே புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தமிழ்க் கவிதை என்ன சொல்கிறது என்பதைத் தமிழறிந்தவரிடம் முதலிலே கேட்டிருந்தால் ஓர் இளைஞனின் வாழ்விலே அந்த ஆண்டுகள் அழிந்திரா. அச்சத்தால் வாய்மூடச் சொல்வதற்காக இதைக் கூறவில்லை. வெளியிடுகிறவன் தன் பெயரையும் அச்சிட்டோன் பெயரையும் இடத்தையும் துணிந்து போடட்டும் என்பதற்காகவே கூறுகிறேன். 1885 ஆம் ஆண்டின் அச்சிடுவோர் வெளியிடுவோர் கட்டளைச் சட்டம் வேண்டுவதும் அதுவே. ஒளித்து வைத்த பெயர் சந்தேகத்தை வளர்க்கும்.

அதனோடு ஆண்டையும் போடுங்கள். 2005 முதல் நூலகம் நிறுவனத்தார் நம் நூல்களையும் ஏடுகளையும் துண்டுப் பிரசுரங்களையும் திரட்டி எண்ணிம வடிவிலே காத்து வருகின்றனர். அத்திரட்டிலே திகதியற்ற பிரசுரங்களைக் காணும்போது சட்டத்தரணியாகிய எனக்கு வயிறெரிகிறது. திகதியில்லாத பத்திரம் சாட்சிக் கூண்டிலே வாய்பேசாத சாட்சி. 1981 இலே யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. பெரிய நூல்கள் பலவற்றுக்கு வேறு நாட்டிலாவது மறுபிரதி இருந்தது. சிற்றேட்டுக்கு எங்கே இருந்தது? ஆதலால் ஒவ்வோர் ஏட்டிலும் சில பிரதிகளை வெவ்வேறு வாசிகசாலைகளுக்கு அனுப்பி விடுங்கள்.

கடைசியாகக் காசு விடயம். கோயில் திருவிழா விஞ்ஞாபனம், சங்கத்து ஆண்டறிக்கை, பாடசாலை மலர், கமக்காரர் அமைப்பின் அறிவித்தல் என்று ஆண்டு முழுவதும் நாம் அச்சடிக்கிறோம். ஒரே விஞ்ஞாபனத்திலே பத்து விதமான எழுத்து. சாமி பெயர் ஒன்றில், உபயகாரர் பெயர் அதைவிடப் பெரியதொன்றில்! இந்த வேலைகளை எழுத்தறிந்த நம் பிள்ளைகளிடம் கொடுங்கள். "நம்மடை பிள்ளைதானே, சும்மா செய்து தா" என்று கேளாதீர்கள். மேசனுக்கும் தச்சனுக்கும் கூலி கொடுக்கிறோம். எழுத்தை அமைப்பவருக்கும் கொடுத்தல் வேண்டும். இவ்வூர்ச் சங்கத்தார் இவ்வாண்டின் அறிக்கையை இம்மாணவியிடம் ஒப்படைக்க இணங்கியிருக்கின்றனர் என்று தலைவர் அவர்கள் சற்று முன் சொன்னார்கள். கூலித்தொகையையும் கூட்டக் குறிப்பிலே எழுதி விடும்படி நான் அவரைக் கேட்டுக் கொண்டுள்ளேன்.

போகும்போது காணிச் சிற்றேட்டிலே ஆளுக்கு இரண்டு எடுத்துச் செல்லுங்கள். ஒன்றை விரித்துப் பலர் கூடும் சுவரிலே ஒட்டுங்கள். மற்றதை உறுதிப் பெட்டிக்குள் வையுங்கள். எட்டாம் பக்கத்திலே காணியின் பெயர், பரப்பு, நான்கு எல்லைகள், உறுதி இலக்கம் என்பவற்றுக்கு வெற்றிடம் விடப்பட்டிருக்கிறது. இன்றிரவே நிரப்புங்கள். பென்சிலால் அன்று, பேனாவால்.